திரை அளவுமாற்றம்

திரை அளவுமாற்றம் என்பது கணினித் திரையில் தோன்றும் எழுத்து, படவுரு, பொத்தான், சாளரம் முதலியவற்றின் உருவளவை அத்திரையின் படவணு அடர்த்திக்கு ஏற்பப் பெருக்கிக் காட்டும் முறையாகும். அடர்த்தி மிகுந்த திரைகளில் படவணுக்கள் மிகச் சிறியவையாக இருப்பதால், அளவுமாற்றம் இன்றி எழுத்துகளைப் படிக்க இயலாது. மேசைக்கணினி மென்பொருள்களில் மங்கலான எழுத்து, மிகச் சிறிய பொத்தான், வெட்டுண்ட சொற்கள், இடம் தவறிய சுட்டி எனப் பலவாறாகத் தோன்றும் காட்சிப் பழுதுகளில் பல ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை. படவணுவை ஒரு நீள அலகாகக் கருதி நிரல் எழுதப்பட்டிருப்பதே அம்மூலம் ஆகும்.

அடிப்படைக் கருத்துகள்

பிக்சல் எனவும் அழைக்கப்படும் படவணு, திரையில் தனித்து ஒளிரக்கூடிய மிகச் சிறிய கூறு ஆகும். அதற்கு நிலையான நீளம் கிடையாது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை படவணுக்கள் அமைந்துள்ளன என்பது படவணு அடர்த்தி எனப்படும். திரையின் அகலத்திலும் உயரத்திலும் உள்ள படவணுக்களின் எண்ணிக்கையிலிருந்து பித்தாகரசு தேற்றத்தின்படி மூலைவிட்டத்திற்குரிய எண்ணிக்கையைக் கணித்து, அதனைத் திரையின் மூலைவிட்ட நீளத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

16 படவணு அகலமுள்ள ஒரு படவுரு, வெவ்வேறு திரைகளில் எவ்வளவு அகலமாகத் தோன்றும் என்பதைக் கீழ்வரும் பட்டியல் காட்டுகின்றது.

* 24 அங்குலத் திரை, 1920×1080 படவணுக்கள்: அடர்த்தி ஏறத்தாழ 92, படவுருவின் அகலம் 4.4 மில்லிமீட்டர்
* 15.6 அங்குல மடிக்கணினித் திரை, 1920×1080 படவணுக்கள்: அடர்த்தி ஏறத்தாழ 141, அகலம் 2.9 மில்லிமீட்டர்
* 27 அங்குலத் திரை, 3840×2160 படவணுக்கள்: அடர்த்தி ஏறத்தாழ 163, அகலம் 2.5 மில்லிமீட்டர்
* 15.6 அங்குல மடிக்கணினித் திரை, 3840×2160 படவணுக்கள்: அடர்த்தி ஏறத்தாழ 282, அகலம் 1.4 மில்லிமீட்டர்

ஒரே நிரல், ஒரே எண், ஆனால் கண்ணுக்குத் தோன்றும் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகின்றது. இதனைச் சரிசெய்யப் பயன்படும் பெருக்கெண் அளவுக்காரணி எனப்படும். விண்டோசு இயங்குதளத்தில் அங்குலத்திற்கு 96 படவணுக்கள் என்பது 100 விழுக்காடாகக் கொள்ளப்படுகின்றது. இதன்படி 120 என்பது 125 விழுக்காடு, 144 என்பது 150 விழுக்காடு, 192 என்பது 200 விழுக்காடு ஆகும்.

திரையைப் பொருட்படுத்தாமல் நீளங்களைக் குறிக்கப் பயன்படும் அலகு, சாதனம் சாரா அலகு எனப்படும். விண்டோசில் இது பெயரளவில் ஓர் அங்குலத்தின் 96 இல் ஒரு பங்கு. அச்சுத்துறையின் புள்ளி என்னும் அலகு ஓர் அங்குலத்தின் 72 இல் ஒரு பங்கு. ஆகவே 12 புள்ளி எழுத்து 16 சாதனம் சாரா அலகுகள் ஆகும். 150 விழுக்காட்டுத் திரையில் அது 24 படவணுக்களாக வரையப்படும். இங்கு கூறப்படும் அங்குலம், அளவுகோலை வைத்துத் திரையில் அளக்கும் அங்குலம் அன்று. கணக்கீட்டிற்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட ஓர் அளவே ஆகும்.

வரலாறு

1984 ஆம் ஆண்டில் வெளியான ஆப்பிள் மாக்கின்டோசுக் கணினியின் 9 அங்குலத் திரையில் 512×342 படவணுக்கள் இருந்தன. அதன் அடர்த்தி அங்குலத்திற்கு 72 ஆகும். எனவே ஒரு படவணு ஓர் அச்சுப்புள்ளிக்குச் சமமாக இருந்தது. திரையில் காண்பதும் தாளில் அச்சாவதும் ஒரே அளவில் அமைந்தன. படவணுவும் நீளமும் ஒன்றே என்னும் எண்ணம் இத்தகைய திரைகளில் பிழையாகத் தெரியவில்லை.

விண்டோசு 96 என்னும் எண்ணைத் தேர்ந்தெடுத்தது. தாளைவிடத் திரை கண்ணுக்குச் சற்றுத் தொலைவில் இருப்பதாலும், 72 அடர்த்தியில் சிறிய எழுத்துகளுக்குப் போதிய படவணுக்கள் கிடைக்காததாலும் எழுத்துகள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகக் காட்டப்பட்டன. பெரிய எழுத்து வேண்டுவோருக்கென 120 என்னும் தேர்வும் இருந்தது. ஆயினும் பெரும்பாலான கணினிகள் 96 இலேயே இயங்கியதால், நிரலாளர்கள் அவ்வெண் மாறாதது என்று கொண்டே உரையாடல் பெட்டிகளை வடிவமைத்தனர்.

2001 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் 22.2 அங்குல அகலத்திரை ஒன்றை 3840×2400 படவணுக்களுடன் வெளியிட்டது. அதன் அடர்த்தி 204 ஆகும். அக்காலத்து மென்பொருள்கள் பல இத்தகைய அடர்த்திக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. அடர்த்தி மிகுந்த திரைகள் பொதுமக்களிடம் பரவியது 2010 ஆம் ஆண்டில் வெளியான ஐபோன் 4 (அடர்த்தி 326), 2012 ஆம் ஆண்டில் வெளியான 15.4 அங்குல மேக்புக் புரோ (2880×1800, அடர்த்தி 220) ஆகியவற்றிற்குப் பின்னரே ஆகும்.

இயங்குதளங்களின் அணுகுமுறைகள்

விண்டோசு

2007 ஆம் ஆண்டில் வெளியான விண்டோசு விசுட்டா, அடர்த்தியை அறியாத மென்பொருள்களுக்காக ஒரு மாற்றுவழியைக் கொண்டுவந்தது. அத்தகைய மென்பொருளிடம் திரையின் அடர்த்தி 96 என்றே தெரிவிக்கப்படும். மென்பொருள் தன் சாளரத்தைச் சிறிய அளவில் வரைந்து முடித்தபின், இயங்குதளம் அதனை ஒரு நிழற்படம்போல் இழுத்துப் பெரிதாக்கும். உருவளவு சரியாக அமையும். ஆனால் எழுத்துகள் மங்கிவிடும். இம்மங்கல் பழுதன்று, பழைய மென்பொருள்களைப் பயன்படுத்தத்தக்க நிலையில் வைப்பதற்கான சமரசம் ஆகும்.

மென்பொருள்கள் தம் நிலையைத் தாமே அறிவிக்க வேண்டும். அந்நிலைகள் பின்வருமாறு:

* அடர்த்தியை அறியாதவை: எத்திரையிலும் 96 என்று கருதி வரைபவை.
* முதன்மைத் திரையின் அடர்த்தியை மட்டும் அறிந்தவை: முதன்மைத் திரையில் தெளிவாகவும், வேறு அடர்த்தியுள்ள இரண்டாம் திரையில் மங்கலாகவும் தோன்றுபவை.
* திரைக்குத் திரை அடர்த்தியை அறிபவை: 2013 ஆம் ஆண்டின் விண்டோசு 8.1 முதல் உள்ள நிலை. சாளரம் ஒரு திரையிலிருந்து மற்றொன்றிற்கு நகர்த்தப்படும்போது புதிய அடர்த்தி மென்பொருளுக்கு அறிவிக்கப்படும்.
* மேற்கூறியதன் இரண்டாம் பதிப்பு: 2017 ஆம் ஆண்டில் விண்டோசு 10 இல் சேர்க்கப்பட்டது. தலைப்புப்பட்டை, பட்டி, உரையாடல் பெட்டி ஆகியவற்றை இயங்குதளமே அளவுமாற்றும்.

மாக் இயங்குதளம்

ஆப்பிள் நிறுவனம் பின்னக் காரணிகளைத் தவிர்த்து இருமடங்கு என்னும் முழு எண்ணைத் தேர்ந்தது. மென்பொருள்கள் புள்ளி என்னும் அலகில் மட்டுமே பேசுகின்றன; ஒரு புள்ளி இரண்டு படவணு அகலமும் இரண்டு படவணு உயரமும் கொண்டதாக வரையப்படுகின்றது. பயனர் இடைப்பட்ட அளவு ஒன்றைத் தேர்ந்தால், முழுத்திரையும் இருமடங்கு அளவில் வரையப்பட்டுப் பின்னர் சுருக்கப்படும். எடுத்துக்காட்டாக, 2880×1800 திரையில் 1680×1050 புள்ளிகள் தேர்வு செய்யப்பட்டால், 3360×2100 அளவில் படம் உருவாக்கப்பட்டுத் திரைக்கு ஏற்பக் குறைக்கப்படும். இதனால் நிரலாளரின் சுமை குறைகின்றது. வரைகலைச் செயலியின் வேலை கூடுகின்றது.

லினக்சு

எக்ஸ் சாளர முறைமையில் எழுத்துருக்களுக்கான அடர்த்தி முழுத்திரைப்பரப்பிற்கும் ஒரே மதிப்பாகவே வழக்கமாக அமைக்கப்படுகின்றது. எனவே அடர்த்தி வேறுபட்ட இரு திரைகளை ஒருசேரப் பயன்படுத்துவது கடினம். வேலண்டு நெறிமுறை திரைக்குத் திரை காரணியைத் தெரிவிக்கின்றது. தொடக்கத்தில் முழு எண் காரணிகள் மட்டுமே இருந்தன. பின்னக் காரணிக்கான நீட்சி 2022 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. கியூட்டி நூலகம் 2016 ஆம் ஆண்டின் 5.6 பதிப்பில் தன்னியக்க அளவுமாற்றத்தை விருப்பத்தேர்வாக அளித்தது. 2020 ஆம் ஆண்டின் 6 ஆம் பதிப்பிலிருந்து அது எப்பொழுதும் இயங்குகின்றது. ஜாவா மொழியில் விண்டோசு, லினக்சு ஆகியவற்றிற்கான ஆதரவு 2017 ஆம் ஆண்டில் வெளியான 9 ஆம் பதிப்பில் இடம்பெற்றது.

பழுதுகளைக் கண்டறிதல்

பழுது எவ்வாறு தோன்றுகின்றது என்பதைக் கொண்டே அதன் காரணத்தைப் பெரும்பாலும் ஊகிக்கலாம்.

* சாளரம் முழுவதும் ஒரே சீராக மங்கலாக இருந்தால், இயங்குதளம் அதனை இழுத்துப் பெரிதாக்குகின்றது.
* அனைத்தும் தெளிவாக, ஆனால் மிகச் சிறிதாக இருந்தால், மென்பொருள் அடர்த்தியை அறிவதாக அறிவித்துவிட்டு அதற்கேற்ப வரையவில்லை.
* எழுத்து பெரிதாகி, பெட்டி பழைய அளவிலேயே இருந்தால், எழுத்துரு புள்ளியிலும் பெட்டி படவணுவிலும் குறிக்கப்பட்டுள்ளன.
* அனைத்தும் மிகப் பெரிதாக இருந்தால், நூலகமும் நிரலாளரும் தனித்தனியே பெருக்கியுள்ளனர். 150 விழுக்காடு இருமுறை பெருக்கப்பட்டால் 225 விழுக்காடாகும்.
* ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சாளரம் வளர்ந்துகொண்டே போனால், அதன் அளவு படவணுவில் சேமிக்கப்பட்டுச் சாதனம் சாரா அலகாகப் படிக்கப்படுகின்றது. 150 விழுக்காட்டில் 800 என்பது அடுத்த முறை 1200, அதற்கடுத்த முறை 1800 ஆகும்.
* முப்பரிமாணக் காட்சி சாளரத்தின் இடப்புறக் கீழ்க்கால்பகுதியில் மட்டும் தோன்றினால், ஓப்பன்ஜிஎல் வரைபரப்பிற்குப் படவணு எண்ணிக்கைக்குப் பதிலாகச் சாளரத்தின் புள்ளி எண்ணிக்கை தரப்பட்டுள்ளது. இருமடங்கு காரணியுள்ள மாக் திரைகளில் இது தோன்றும்.
* சொடுக்கிய இடம் ஒன்று, செயற்படும் இடம் வேறொன்று என இருந்தால், சுட்டியின் இருப்பிடமும் வரைந்த இடமும் வெவ்வேறு அலகுகளில் ஒப்பிடப்படுகின்றன.

மங்கல் மென்பொருளில் உள்ளதா, திரையில் உள்ளதா என்பதை அறிய முழுத்திரையைப் படமாகப் பிடித்து, அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிடித்த படத்தில் எழுத்தின் விளிம்புகள் கூர்மையாக இருந்தால் மென்பொருளில் குறையில்லை. திரை தனது இயல்பான பிரிதிறனில் இயங்கவில்லை என்று கொள்ளலாம். படத்திலேயே விளிம்புகள் கரைந்திருந்தால் இயங்குதளமோ மென்பொருளோ காரணம் ஆகும். விண்டோசு 10 இன் பிந்தைய பதிப்புகளிலும் விண்டோசு 11 இலும் பணி மேலாளரின் விவரப் பட்டியலில், ஒவ்வொரு மென்பொருளும் எந்நிலையை அறிவித்துள்ளது என்பதையும் காணலாம்.

திருத்தும் முறைகள்

அறிவிப்பு

அடர்த்தியை அறிவதாக அறிவிப்பது ஒரு வாக்குறுதி போன்றது. அறிவிப்பை மட்டும் சேர்த்தால் மங்கல் உடனே நீங்கும். ஆனால் இயங்குதளத்தின் உதவியும் நின்றுவிடுவதால் எழுத்து படிக்க முடியாத அளவிற்குச் சிறுத்துவிடும். எனவே வரையும் நிரலை முதலில் திருத்தி, அதன்பின் அறிவிப்பைச் சேர்ப்பதே முறையாகும்.

ஒரே இடத்தில் அலகுமாற்றம்

அனைத்து நீளங்களும் சாதனம் சாரா அலகில் வைக்கப்பட்டு, வரையும் கடைசிப் படியில் மட்டும் படவணுவாக மாற்றப்பட வேண்டும். மாற்றம் பல இடங்களில் சிதறிக் கிடந்தால் ஓரிடத்தில் விட்டுப்போவதும், ஓரிடத்தில் இருமுறை நிகழ்வதும் தவிர்க்க இயலாதவை. மாறிகளின் பெயரிலேயே அலகைக் குறிப்பது பிழைகளைக் குறைக்கும்.

முழுமையாக்கல்

பின்னக் காரணிகளில் முழுமையாக்கற் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொன்றும் 33 அலகு அகலமுள்ள 10 நெடுவரிசைகளைக் கொண்ட ஓர் அட்டவணையை 125 விழுக்காட்டில் வரைவதாகக் கொள்வோம். ஒரு நெடுவரிசையின் அகலம் 41.25 படவணுக்கள். அகலத்தை 41 என முழுமையாக்கினால் மொத்தம் 410 ஆகும்; உண்மையில் வரவேண்டியது 412.5. அட்டவணையின் வலப்புறத்தில் இடைவெளி தோன்றும். அகலத்தை முழுமையாக்காமல், ஒவ்வொரு விளிம்பின் இருப்பிடத்தையும் தனித்தனியே முழுமையாக்க வேண்டும். அப்பொழுது விளிம்புகள் 41, 83, 124, 165 என அமைந்து, கடைசி விளிம்பு 413 இல் முடியும். அகலங்களில் ஒரு படவணு வேறுபாடு வரலாம். ஆனால் இடைவெளி வராது.

கோடுகள்

ஓர் அலகுக் கோடு 150 விழுக்காட்டில் 1.5 படவணு ஆகின்றது. அரைப் படவணுவை ஒளிரச் செய்ய இயலாததால், விளிம்பு மென்மையாக்கல் அதனைச் சாம்பல் நிறமாகக் காட்டும். கோட்டின் தடிமனை ஒன்றுக்குக் குறையாத முழு எண்ணாக ஆக்கிக்கொள்வது இதற்குத் தீர்வாகும். கைரோ போன்ற வரைகலை நூலகங்களில் முழு எண் ஆயங்கள் படவணுக்களின் எல்லைகளைக் குறிக்கின்றன, நடுப்பகுதியைக் குறிப்பதில்லை. ஆகவே ஒரு படவணுக் கோட்டை முழு எண் ஆயத்தில் வரைந்தால் அது இரு படவணுக்களில் பாதிப்பாதியாகப் பரவும். ஆயத்தோடு 0.5 கூட்டினால் கோடு கூர்மையாகும்.

படவுருக்கள்

16 படவணுப் படவுரு 125, 150, 200 விழுக்காடுகளில் முறையே 20, 24, 32 படவணுக்களாக வேண்டும். ஒவ்வோர் அளவிற்கும் தனிப்படம் வைத்திருத்தல் அல்லது திசையன் வரைகலையைப் பயன்படுத்தல் என இரு வழிகள் உள்ளன. மிகச் சிறிய அளவுகளில் திசையன் படத்தின் நுண்கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், அவ்வளவுகளுக்கு மட்டும் கையால் திருத்திய படங்களைச் சேர்ப்பதும் உண்டு.

திரை மாறுதல்

அடர்த்தி மாறியதாகச் செய்தி வரும்போது எழுத்துருக்களைப் புதிதாக உருவாக்க வேண்டும். முன்னரே அளந்து சேமித்த சொல் அகலங்களையும் நீக்க வேண்டும். விண்டோசு இச்செய்தியோடு சாளரத்திற்கான புதிய செவ்வகம் ஒன்றையும் பரிந்துரைக்கும். அதனை அப்படியே ஏற்க வேண்டும். மென்பொருள் தானாக வேறோர் அளவைக் கணித்துக்கொண்டால், பெரிதான சாளரத்தின் பெரும்பகுதி மீண்டும் பழைய திரையில் விழலாம். அப்பொழுது பழைய அடர்த்திக்கான செய்தி வரும். சாளரம் இரு அளவுகளுக்கிடையே முடிவின்றித் துடிக்கத் தொடங்கும்.

தமிழ் எழுத்துகளும் அளவுமாற்றமும்

இழுத்துப் பெரிதாக்குவதால் வரும் மங்கல் தமிழ் எழுத்துகளில் பொருளையே மாற்றக்கூடும். 96 அடர்த்தியில் 9 புள்ளி எழுத்திற்கு 12 படவணு உயரமே கிடைக்கின்றது. அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு படவணுக்களே. அப்புள்ளி கரைந்தால் "க்" என்பது "க" என்று படிக்கப்படும். மூன்று சுழி "ண" வும் இரண்டு சுழி "ன" வும் சுழிகள் ஒன்றோடொன்று கலக்கும்போது வேறுபாடு தெரியாமற் போகின்றன. மாறாக, அடர்த்தி மிகுந்த திரையில் முறையாக வரையப்பட்டால் இவ்வெழுத்துகள் அச்சுக்கு நிகரான தெளிவைப் பெறுகின்றன.

மற்றொரு சிக்கல் உயரம் ஆகும். இகர, ஈகாரக் குறிகள் எழுத்திற்கு மேலேயும், உகர, ஊகாரக் குறிகள் பல எழுத்துகளில் கீழேயும் நீள்கின்றன. இலத்தீன் எழுத்துருவின் உயரத்தைக் கொண்டு பெட்டியை அமைத்துவிட்டு, அவ்வெழுத்துருவில் தமிழ் இல்லாததால் இயங்குதளம் லதா, நிர்மலா போன்ற வேறோர் எழுத்துருவை இட்டுக்கொள்ளும்போது, குறிகள் மேலும் கீழும் வெட்டுப்படுகின்றன. பெட்டியின் உயரத்தை எண்ணாக எழுதாமல், உண்மையில் வரையப்படும் உரையை அளந்து பெறுவதே இதற்குத் தீர்வாகும். இவ்வாறு அமைத்தால், தமிழாக்கத்தில் நீளும் சொற்களுக்கும் இடம் கிடைக்கும்.

சோதனை

100, 125, 150, 200 விழுக்காடுகள் ஒவ்வொன்றிலும் மென்பொருளைத் திறந்து பார்ப்பது குறைந்தபட்சச் சோதனை ஆகும். 200 விழுக்காட்டில் மட்டும் சோதித்தால் முழுமையாக்கற் பிழைகள் வெளிப்படா. 125 விழுக்காட்டில் அவை எளிதில் வெளிப்படும். அடர்த்தி வேறுபட்ட இரு திரைகளுக்கிடையே சாளரத்தை நகர்த்துதல், மென்பொருள் இயங்கும்போதே காரணியை மாற்றுதல், சாளரத்தை மூடித் திறத்தல் ஆகியவையும் தேவை.

பயனர் செய்யக்கூடியவை

மென்பொருளைத் திருத்த இயலாத நிலையில், விண்டோசு 10, 11 ஆகியவற்றில் அம்மென்பொருளின் பண்புகளில் உள்ள பொருந்துமைப் பிரிவில் அளவுமாற்றத்தைச் செய்வது மென்பொருளா, இயங்குதளமா என்று தேர்ந்தெடுக்கலாம். அங்குள்ள மேம்படுத்தப்பட்ட முறை, பழைய மென்பொருள்கள் பலவற்றின் எழுத்துகளை இழுக்காமல் பெரிய அளவிலேயே வரைகின்றது. எல்லா மென்பொருள்களிலும் இது பயன் தருவதில்லை.

எழுத்து சிறிதாக இருக்கின்றது என்பதற்காகத் திரையின் பிரிதிறனைக் குறைப்பது சிறந்த வழியன்று. அவ்வாறு செய்தால் எல்லா மென்பொருள்களும் மங்கலாகின்றன. பிரிதிறனை இயல்பான அளவில் வைத்து, அளவுக்காரணியைக் கூட்டுவதே ஏற்றது.

முக்கியத்துவம்

பார்வைக் குறைபாடு உடையோரும் முதியோரும் அடர்த்தி குறைந்த திரைகளிலும் அளவுக்காரணியைக் கூட்டிப் பயன்படுத்துகின்றனர். பெரிய காரணியில் ஒரு பொத்தான் சாளரத்திற்கு வெளியே போய்விட்டால், அவர்களால் அம்மென்பொருளைப் பயன்படுத்தவே இயலாது. நிழற்படங்களைத் திருத்தும் மென்பொருள் அடர்த்தியை அறியாததாக இருந்தால், படத்தின் ஒரு படவணு திரையின் ஒரு படவணுவில் விழாது. திரையில் நுட்பம் இருந்தும் படத்தின் உண்மையான கூர்மையை யாராலும் காண இயலாது. எனவே திரை அளவுமாற்றம் தோற்றப் பொலிவு பற்றியது மட்டும் அன்று. மென்பொருள் யாருக்குப் பயன்படும் என்பதை முடிவு செய்வதும் அதுவே ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* படவணு
* திசையன் வரைகலை
* எழுத்துரு
* பயனர் இடைமுகம்